திரும்பும் இடமும் திட்டத்தில் உண்டு

வீட்டை விட்டுப் புறப்படும் தமிழர் எவரும் "போகின்றேன்" என்று கூறி வாயிற்படி இறங்குவதில்லை. "போய் வருகின்றேன்" என்றே கூறுவர். இச்சிறு தொடரில் வினைகள் இரண்டு உள்ளன. போதல் என்பது புறப்படுவோரின் விருப்பம். வருதல் என்பது அவர் தம் வீட்டாருக்கு அளிக்கும் வாக்கு. நம் இல்லங்களில் இவ்விரண்டோடு "இன்ஷா அல்லாஹ்" என்னும் சொல்லும் சேர்கின்றது. நாடியவாறு நடத்துபவன் இறைவன் என்னும் ஒப்புதல் அது. விருப்பம் நம்முடையது, வாக்கும் நம்முடையது, முடிவோ நம்முடையதன்று. அவ்வாறாயின், முடிவு தன் கையில் இல்லாத ஒன்றைக் குறித்து மனிதன் வாக்களிப்பது எங்ஙனம்? அவ்வாக்கை மெய்யாக்க அவன் செய்ய வேண்டுவது யாது? பயணம் என்னும் எளிய செயலின் அடியில் கிடக்கும் இவ்வினாவை இங்கே ஆராயப் புகுகின்றோம்.

நெய்வேலி நகரியத்தில் பெருநாள் விடுமுறையும் ஷிப்ட் ஓய்வும் சேர்ந்து வரும் நாள்களை எதிர்நோக்கி, மோட்டார் சைக்கிளில் மலைநாடு கண்டுவரத் திட்டமிடும் இளைஞர் பலர். சமதரையில் பிறந்து, நேர்நேராக வகுக்கப்பட்ட வட்டங்களின் சாலைகளில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு மலையின் வளைவுகள்மேல் ஆசை எழுதல் இயல்பே. நாள்தோறும் சுரங்கத்தின் ஆழத்தைக் காண்போர் உயரத்தையும் காண விரும்புவதில் வியப்பென்ன? அத்தகைய நால்வர், நம்மிடம் ஓதிய மாணவர்கள், ஐந்து நாள் பயணத் திட்டம் ஒன்றைத் தாளில் எழுதி நம்மிடம் காட்டினர். அவர்களுள் ஒருவனின் தாயார் அதற்கு முன்னரே ஆளனுப்பி, "ஹஜ்ரத் சொன்னால் கேட்பான், போகவேண்டாமென்று சொல்லுங்கள்" என வேண்டியிருந்தார். மகனோ, "ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, ஹஜ்ரத். வீட்டில் படுத்திருந்தாலும் வருவது வரும்" என்றான். தாயின் அச்சமும் மகனின் துணிவும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் தோன்றினும், இரண்டிலும் ஒரே குறை இருப்பதாக நமக்குப் பட்டது. இருவருமே திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

தாளில் இருந்த வழி இதுவாகும்: முதல் நாள் விருத்தாசலம், ஆத்தூர், சேலம் வழியாக ஏற்காடு. இரண்டாம் நாள் ஏற்காட்டிலிருந்து இறங்கி, நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை. மூன்றாம் நாள் ஈரோடு, சத்தியமங்கலம், பண்ணாரி கடந்து திம்பம். நான்காம் நாள் மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக உதகமண்டலம். ஐந்தாம் நாள் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை ஒரே பகலில் கடந்து நெய்வேலி. அன்றிரவே ஒருவனுக்குப் பணி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70, பண்ணாரியிலிருந்து திம்பத்திற்கு 27 எனப் பெருமிதத்தோடு குறித்திருந்தனர். எங்கே உண்பது, எங்கே தங்குவது, எங்கே நின்று படமெடுப்பது என்பனவெல்லாம் அதில் இருந்தன. எந்நிலை ஏற்பட்டால் திரும்பிவிடுவது என்பது மட்டும் இல்லை.

தவக்குலும் தவாகுலும்

முதலில் தாயின் கூற்றை எடுத்துக்கொள்வோம். அவ்வச்சத்தின் வேர் அன்பாதலின் அதனை எள்ளுதல் தகாது. எனினும் பயணத்தை அறவே விலக்குதல் நம் மரபன்று. பூமியில் சுற்றிவந்து கண்டு சிந்திக்குமாறு திருமறை பன்முறை தூண்டுகின்றது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' என்னும் பெருநூலில் பயண ஒழுக்கத்திற்கெனத் தனிப் பகுதியே வகுத்தார்கள். ஸஃபர் என்னும் அரபுச் சொல்லின் வேரில் திரை நீக்கி வெளிப்படுத்துதல் என்னும் பொருள் உண்டென்றும், மனிதரின் குணங்களை வெளிப்படுத்துவதாலேயே பயணத்திற்கு அப்பெயர் வாய்த்ததென்றும் அவர்கள் விளக்கினார்கள். திண்ணையில் பத்தாண்டு பழகியும் அறியாத குணம், மூன்றாம் நாள் மழையில் நனைந்து பசியோடு நிற்கையில் வெளிப்பட்டுவிடும். வளரும் பிள்ளைக்கு இவ்வறிவு வேண்டாமென்று நாம் எங்ஙனம் கூறுவோம்?

அடுத்து மகனின் கூற்று. "வருவது வரும்" என்பது ஈமானின் மொழிபோல் ஒலிக்கின்றது. ஆயின் அரபு மொழி கற்றோர் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிவர். தவக்குல் என்பது தன்னால் இயன்றதனைத்தையும் செய்து, இயலாததை இறைவனிடம் ஒப்படைத்தல். தவாகுல் என்பது தான் செய்யவேண்டியதைச் செய்யாது பிறர் தலையில் சுமத்துதல். எழுத்தில் இரண்டிற்குமிடையே ஓர் அலிஃப் மட்டுமே வேறுபாடு. வாழ்விலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியொன்று இதனைத் தெளிவாக்கும். யமன் நாட்டார் சிலர் கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவர். தாங்கள் இறைவனையே நம்பியவர்கள் என்பர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவர். அதன்மேல்தான் பயண உணவை உடன்கொண்டு செல்லுமாறு பணிக்கும் வசனம் இறங்கிற்று. இந்நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர்கள் நம்பிக்கையின் பெயரால் விட்டுவந்த சுமை மறைந்துபோகவில்லை. அது மக்காவாசிகளின் தோளில் ஏறிற்று. திட்டமிடாதவன் மிச்சப்படுத்தும் உழைப்பை யாரோ ஒருவர் பின்னர் செலுத்தித்தான் ஆகவேண்டும். ஆதலின் இது தனிமனிதனின் துணிவு பற்றிய செய்தி மட்டுமன்று; பிறர் உரிமை பற்றியதுமாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்து இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டு நம்புவதா என்று வினவியவரிடம், கட்டிவைத்து நம்புமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த வரலாற்றைச் சிறுவரும் அறிவர். அவிழ்த்துவிட்ட ஒட்டகம் தொலைந்தால் இழப்பு உரியவனோடு நின்றுவிடாது என்பதையும் சேர்த்து எண்ணுதல் நலம். அஃது அயலான் பயிரை மேயும். இருளில் வழிப்போக்கன் அதன்மேல் இடறுவான். கட்டுத்தறி ஒட்டகத்தை மட்டும் காப்பதன்று.

சங்கிலியும் கலிமாவும்

மலைப்பயணம் குறித்தே நம் வரலாற்றில் அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு. தஞ்சையில் அன்று, தான்ஜியரில் பிறந்து 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் இலங்கையை அடைந்து, நம்மவர் பாவா ஆதம் மலை என்றழைக்கும் சிகரத்தின்மேல் ஏறினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியே அவருக்கு வழித்துணைவரையும் உணவு சுமப்போரையும் உடனனுப்பி உதவினார். உலகெங்கும் திரிந்த அம்மனிதரும் அம்மலைக்கு ஆயத்தமின்றிச் செல்லவில்லை.

செங்குத்தான பாறையில் முன்னோர் இரும்புச் சங்கிலிகளைப் பொருத்தியிருந்ததையும், ஏறுவோர் அவற்றைப் பற்றிக்கொண்டே ஏறியதையும் அவர் தம் பயண நூலில் கூறுகின்றார். அவற்றுள் ஒன்றிற்குக் கலிமாவின் பெயரால் ஒரு பெயர் வழங்கிற்று. அவ்விடத்தில் நின்று கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சித் தம்மையறியாமல் கலிமா மொழிந்துவிடுவராம். கலிமா மொழிந்தவர் எவரும் அதன் பொருட்டுச் சங்கிலியைக் கைவிடவில்லை. சங்கிலியைப் பிடித்திருந்ததனால் கலிமா தேவையற்றதென்று எண்ணவுமில்லை. கை ஒன்றைப் பற்றியிருக்க, நா மற்றொன்றைப் பற்றியிருந்தது. திட்டமும் தவக்குலும் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் நிலை இதுவே. அச்சங்கிலியைப் பொருத்தியவர் எவரோ, ஏறியவர் வேறெவரோ. தனக்குப் பின் வருபவரையும் எண்ணிச் செய்யப்பட்ட திட்டம் அது.

நெய்வேலி மண் தரும் பாடம்

நெய்வேலியில் வாழ்வோருக்குத் திட்டம் என்பதன் பொருளை வெளியிலிருந்து எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. எனினும் நிறுவனம் தோன்றியது 1956இல். அகழ்வு தொடங்கியது 1957இல். பழுப்பு நிலக்கரியைத் தொட்டது 1961இல். பொருள் இருக்குமிடம் தெரிந்த பின்னரும் இத்துணைக் காலம் சென்றமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நிலத்தடி நீர். நிலக்கரிப் படுகையின் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் அடைபட்டுக் கிடக்கின்றது. மேலுள்ள மண்ணை அகற்றிக்கொண்டே சென்றால், அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழும். ஆகவே குழாய்க்கிணறுகள் பல அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே நிலக்கரியில் கைவைக்க இயலும். சுரங்கம் இயங்கும்வரை இறைப்பும் நிற்றல் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் நிலக்கரியைக் கணக்கிடுதல் எளிது. தெரியாத நீரைக் கணக்கில் கொள்வதே திட்டம். இளைஞர்களின் தாளில் மலையும் வளைவும் தங்குமிடமும் இருந்தன; அவையனைத்தும் கண்ணுக்குத் தெரிவன. மூன்றாம் நாளின் களைப்பு, நால்வருள் ஒருவனின் வெளிக்காட்டாத அச்சம், திடீரென இறங்கும் பனிமூட்டம் ஆகிய அடிநீர் அதில் இடம்பெறவில்லை.

மலையின் இயல்பை அறிதலும் இக்கணக்கில் அடங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகைக்கு மேல் குறையும். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் 2200 மீட்டருக்கு மேலும் உள்ளன. நெய்வேலி வெயிலுக்கென உடுத்திய மெல்லிய சட்டை அங்கே உதவாது. குளிரில் விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்கக் காலம் தாழ்த்தும். ஏறுவதைவிட இறங்குவதே கடினம். எந்தக் கியரில் ஏறவேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கி, எஞ்சினின் பிடிப்பால் வேகத்தை அடக்குதல் வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் உருள்வோர் அப்பிடிப்பை இழக்கின்றனர். பிரேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, வேண்டிய கணத்தில் பற்றாமற்போகும். கியரில்லாத ஸ்கூட்டர்களில் எஞ்சினின் பிடிப்பு குறைவாதலின் இத்தீங்கு அவற்றிற்கு இன்னும் மிகுதி.

மலைச்சாலை விதியொன்று நம் உள்ளத்தைக் கவர்கின்றது. இரு வண்டிகள் எதிரெதிரே வரும்போது வழி போதாதாயின், இறங்கும் வண்டியே ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு இடம் தருதல் வேண்டும். ஏறுவது நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புதல் அரிது என்பது இதன் காரணம். எளிதாகச் செல்பவன், வருந்தி ஏறுபவனுக்கு வழிவிட வேண்டும் என்னும் அறம், மோட்டார் வாகன விதிகளுக்குள்ளேயும் புகுந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதன்றோ!

திட்டத்தில் இல்லாதவர்கள்

பயணத் திட்டத்தில் பெயர் எழுதப்பட்டோர் நால்வர். ஆயின் அத்திட்டத்தால் தொடப்படுவோர் பலர். வளைவில் எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநர், சாலையோரம் மிளகு மூட்டையுடன் நிற்கும் கொல்லிமலை உழவர், பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளை, இரவில் சாலையைக் கடக்கும் யானைக் கூட்டம் ஆகிய இவர்களுள் எவரும் நம் பயணத்திற்கு ஒப்புதல் அளித்தவர் அல்லர். நாம் இன்பம் நாடிச் செல்லும் சாலை அவர்களுடைய வாழிடம். திம்பம் மலைச்சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வது. அங்கே வனவிலங்குகள் வண்டிகளில் அடிபட்டு மடிந்தமையால், சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அதே நீதிமன்றத்தின் ஆணையால் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்கும் அளவு ஒன்றுண்டு என்பதை நீதிமன்றம் நினைவூட்ட நேர்ந்தது. இவற்றை நம் இன்பத்திற்கு இடப்பட்ட தடைகளாகக் கருதுவோர் உளர். வாய் பேசாதார் சார்பாகக் கேட்கப்பட்ட உரிமைகள் என்றே நாம் கருதுகின்றோம்.

திட்டத்தில் இல்லாதவர் படும் பாட்டையும் நெய்வேலி மண் அறியும். நாட்டிற்கு ஒளிதரும் இச்சுரங்கங்களுக்காகத் தம் ஊரையும் வயலையும் விட்டுச் சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சுற்றுப்புறங்களில் வாழ்கின்றனர். வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கையில் அதன் அடியில் யார் நிற்கின்றார் என்று கேட்கும் பழக்கம் பெருந்திட்டத்திற்கும் வேண்டும். சிறு பயணத்திற்கும் வேண்டும்.

ஐந்தாம் நாளை மீண்டும் நோக்குக. பகலெல்லாம் வண்டி ஓட்டிக் கண் சிவந்தவன், இரவில் பெரும் எந்திரங்களுக்கிடையே பணிக்குச் செல்கின்றான். அவன் அயர்ந்தால் தீங்கு அவனுக்கு மட்டுமா? உடன் பணிபுரிபவரும் அத்தாளில் எழுதப்படாத ஐந்தாம் பயணியாகின்றார். அவருடைய உயிரும் அன்றிரவு இவனிடத்தில் அமானிதம்.

ஸர்கில் திரும்பிய பயணம்

இனி, எதிர்ப்புறத்துக் குறையொன்றையும் கூறியாதல் வேண்டும். திட்டமே இடாதவன் ஒரு பிழை செய்கின்றான் என்றால், இட்ட திட்டத்தை விடாதவன் மற்றொன்று செய்கின்றான். அறைக்குப் பணம் கட்டியாயிற்று, விடுப்பு இனிக் கிட்டாது, பாதி வழி வந்தாயிற்று என்றெல்லாம் எண்ணி, வானம் இருண்ட பின்னும் மலையேறுவோர் உளர். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய மழையின்போது ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. மலை நம் நாட்குறிப்பைப் படிப்பதில்லை.

இங்கே ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சி நமக்கு வழிகாட்டுகின்றது. அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில் ஷாம் நாட்டிற்குப் பயணம் புறப்பட்டார்கள். ஸர்கு என்னுமிடத்தை அடைந்தபோது, அந்நாட்டுப் படைத்தலைவர்கள் எதிர்வந்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிவித்தனர். உடனே அவர்கள் முஹாஜிர்களை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள், கருத்து பிளவுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் பிளவுபட்டனர். பின்னர் குறைஷி முதியோரை அழைத்தபோது, அவர்கள் ஒரே குரலில் திரும்புமாறு கூறினர். மறுநாள் காலை திரும்புவதெனக் கலீஃபா அறிவித்தார்கள்.

அப்போது ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள், இறைவனின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று வினவினார்கள். ஆம், அவனுடைய விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால்தான் ஓடுகின்றோம் என்னும் கருத்தமைய உமர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு புறம் பசுமையாகவும் மறுபுறம் வறண்டும் இருக்குமாயின், எப்புறத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதியின்படியே நிகழும் என்றும் விளக்கினார்கள். பின்னர் ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழைய வேண்டாமென்னும் நபிமொழியை அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

"வருவது வரும்" என்ற மாணவனுக்கு நாம் இதனையே எடுத்துரைத்தோம். மலையேறுவது மட்டும் விதியில் எழுதப்பட்டு, மலையிலிருந்து திரும்புவது விதிக்குப் புறம்பாகிவிடுமா? மழையைக் கண்டு வண்டியைத் திருப்பும் கையும் அவன் விதித்ததே. விதியை நம்புவோருக்கு முன்னேறுவதில் உள்ள உரிமை, பின்வாங்குவதிலும் உண்டு.

முன்னரே செய்யும் முடிவு

திரும்புவதை மலைமேல் சென்றபின் முடிவு செய்யலாகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதே நம் கருத்து. வளைவில் நிற்கும்போது தீர்ப்பளிப்பவன் நடுநிலையாளன் அல்லன். ஆசை அவன் ஒரு காதில் பேசும். தோழர் நகைப்பரே என்னும் நாணம் மறு காதில் பேசும். கைப்பேசியில் படத்தை எதிர்பார்த்திருப்போர் வேறு. சமதரையில், வீட்டுக் கூடத்தில், அமைதியான உள்ளத்தோடு இருப்பவன், நாளை மலைமேல் நிற்கப்போகும் தன்னையே இன்று கட்டுப்படுத்தி வைத்தல் வேண்டும். திட்டத்தின் உயர்ந்த பயன் இதுவே.

உலகின் பெரும் பயணங்களும் இதனையே உணர்த்துகின்றன. 1909 ஜனவரி 9ஆம் நாள், தென்துருவத்தை அடைய ஏறத்தாழ 180 கிலோமீட்டரே எஞ்சியிருக்க, உணவு திரும்பிச் செல்லப் போதாதென்று கண்டு ஷாக்கிள்டன் திரும்பினார். அவரும் தோழர் மூவரும் உயிரோடு மீண்டனர். மாறாக, 1996 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தில், குறித்த நேரத்திற்குள் உச்சியை எட்டாவிடில் இறங்கிவிட வேண்டும் என்னும் வரையறையைக் கடந்து பலர் ஏறினர். புயல் சூழ்ந்து, ஓரிரு நாள்களில் எட்டுப் பேர் மாண்டனர். நேரத்தைக் குறித்துவைத்தல் போதாது. குறித்ததை மதித்தலும் வேண்டும்.

நம் ஷரீஅத்தும் பயணிக்கு நெகிழ்வை முன்னரே வகுத்து வைத்துள்ளது. நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கித் தொழவும், நோன்பைப் பின்னர் நோற்கவும் வழி தந்துள்ளது. இடர் வந்த பின் தேடும் விலக்கன்று இது. வீட்டிலிருக்கும்போதே கற்றுக்கொள்ளும் சட்டம். பயணத்தில் எல்லாம் முழுமையாக நடவா என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்க, நம் தாள் மட்டும் ஏன் ஏற்க மறுக்க வேண்டும்?

ஆதலின் அவர்களுக்கு நாம் கூறியவை சில. மூவர் பயணம் செய்யின் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபிமொழி உண்டு. நால்வருள் வேகமாக ஓட்டுபவனை விடுத்து, பொறுமை மிக்கவனை அமீராக்குக. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் பின்தங்கி வந்து, தளர்ந்தோரை ஊக்கி அழைத்துச் சென்றார்கள். உங்களுள் தேர்ந்தவன் கடைசியில் வருக. மெதுவாக வருபவனின் வேகமே நால்வரின் வேகம். கதிர் மறையுமுன் அன்றைய மலை முடிதல் வேண்டும். பனிமூட்டத்தில் அடுத்த வளைவு தெரியாதாயின் அங்கேயே நிறுத்துக. நால்வருள் எவனேனும் "போதும்" என்றால் காரணம் கேளாது திரும்புக. ஐந்தாம் நாளை இரண்டாகப் பகுத்து, பணிக்கு முன் ஓர் இரவு உறங்குக. இவற்றைக் கேட்டு அவர்கள் திம்பத்தை நீக்கிவிட்டுத் தாளை மாற்றி எழுதினர். வளைவுகள் குறைந்தன.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். திட்டத்தைப் பிள்ளைகள் மட்டுமே காப்பாற்ற இயலாது. "அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமலா வந்தாய்?" என்று திண்ணையில் ஒருவர் நகைத்தாலே போதும், அடுத்த முறை அப்பிள்ளை மழையிலும் ஏறுவான். மலையைக் கண்டு வந்தவனின் கதையைக் கேட்கக் கூடும் நாம், மலையடிவாரத்திலிருந்து திரும்பியவனின் கதையைக் கேட்பதில்லை. நம் வீடுகளில் இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். வானம் இருண்டது கண்டு பாதி வழியில் திரும்பி வந்த மகன், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவன். அவனுக்கு உலர்ந்த துணியும் சூடான தேநீரும் தருக. எதைக் காணாது வந்தான் என்று வினவாது, எங்கே, எதனைக் கண்டு திரும்பினான் என்று வினவுக. அதனைச் சொல்லும்போது அவன் முகத்தில் நாணம் தோன்றாதிருக்குமாயின், அவ்வீட்டார் தம் பிள்ளைக்கு நல்வழித்துணையொன்றை உடனனுப்பியிருக்கின்றனர் என்று பொருள்.